பனியன் நாடாவா, உல்லன் நூலா, சணலா? பிள்ளைகள் சுற்றும் நூல் சிற்பத்துக்கு எது தோது

குச்சி, கம்பி, உடைந்த ஹேங்கர் என்று ஏதாவது ஒன்றின் மேல் நூலைச் சுற்றிக்கொண்டே போய் ஒரு உருவம் வரவைக்கும் வேலை இது. ஊசி வேண்டாம், பின்னத் தெரிய வேண்டாம். விடுமுறைக்குத் தம்பி பிள்ளைகள் வந்து, மாடிவீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதுதான் நடக்கும். எந்த நூல் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருப்பூர் பக்கம் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துணி. வாங்கி நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் உல்லன் நூல் அடுத்தது. சணல் கடைசி, ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் சணல் உல்லனை முந்திவிடும்.

இதை நடுநிலையான ஒப்பீடு என்று நினைக்க வேண்டாம். மூன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பிள்ளைகள் வந்தால் என் கை எந்தப் பைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். நிறம் என்று பார்த்தால் உல்லன் நூலை அடிக்க ஆளில்லை. ஒரே கடையில் மயில்நீலம், கிளிப்பச்சை, இரண்டு மூன்று நிறம் மாறி மாறி வரும் நூல் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பனியன் வேஸ்டில் நமக்கு அந்தத் தேர்வு கிடையாது. அந்த வாரம் எந்தக் கம்பெனி என்ன நிறத்தில் வெட்டியதோ அதுதான் மூட்டையில் இருக்கும். வெள்ளை, கருப்பு, நேவி புளூ எப்போதும் உண்டு, மற்றவை அதிர்ஷ்டம். சணலுக்குச் சணல் நிறம்தான். விலையில் பனியன் வேஸ்ட் மிகக் குறைவு. வீட்டில் பழைய டீ-ஷர்ட் இருந்தால் அந்தச் செலவும் இல்லை. கையில் பிடிக்க உல்லனும் பனியனும் மென்மை, சணல் அறுக்கும். இந்த மூன்றையும் பார்த்தால் உல்லன்தான் ஜெயிக்க வேண்டும் என்று தோன்றும். கடைக்காரரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

என் முடிவை மாற்றியது வேறு ஒரு விஷயம். கையை விட்டால் சுற்று நிற்கிறதா, பிரிகிறதா?

ஆறு வயதுப் பிள்ளை ஒன்று குச்சியில் நூல் சுற்றுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாலைந்து சுற்றுக்குள் ஏதாவது வந்துவிடும். மூக்கு அரிக்கும், தண்ணீர் தாகம் எடுக்கும், பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டியிருக்கும். குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது சுற்று அப்படியே இருந்தால் வேலை தொடரும். பிரிந்து கிடந்தால் “அத்தை, விட்டா பிரிஞ்சிருது” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் இரண்டு மூன்று தடவை வந்துவிட்டால் போதும். பெரியவர்கள் போய் நுனியைப் பிடித்துக்கொள்வோம், முடிச்சுப் போட்டுத் தருவோம், பிறகு நாமே கொஞ்சம் சுற்றியும் கொடுப்போம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிற்பம் நம்முடையது, பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பிடிப்பு உள்ள நூல் என்பதை நான் கைவேலையின் நேர்த்திக்காகச் சொல்லவில்லை. பிள்ளை தனியாகச் செய்ய முடியுமா, முடியாதா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கரையில் படகை நிறுத்துபவர் கயிற்றை முளையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியை ஒரு கையால் லேசாகப் பிடித்திருப்பார். அத்தனை பெரிய படகு அதில் அடங்கி நிற்கும். அதே கணக்குதான் குச்சியில் சுற்றிய நூலுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு (எவ்வளவு வழுக்காமல் பிடிக்கும் என்பதற்கான எண்) 0.2 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு நுனியில் இருக்கும் சின்ன விசை சுமார் மூன்றரை மடங்கு இழுப்பைத் தாங்கும். 0.4 என்று வைத்தால் ஒரே சுற்றில் சுமார் பன்னிரண்டு மடங்கு. இரண்டு சுற்றுக்கு முதலாவது 12 மடங்கு, இரண்டாவது 150 மடங்குக்கு மேல். நூலின் சொரசொரப்பில் சின்ன வித்தியாசம் இருந்தாலும், சுற்றச் சுற்ற அது இவ்வளவு பெரிதாகிவிடும்.

இதில் நுனியில் விசை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பிள்ளை கையை விட்ட பிறகு, தொங்குகிற மிச்ச நூலின் எடை மட்டும்தான் அந்த விசை. அந்த எடை பனியன் நாடாவில் தாராளமாக இருக்கிறது, உல்லன் இழையில் இல்லை. தவிர நாடா கொஞ்சம் இழுபடும். பிள்ளை இழுத்துச் சுற்றியதும் அது சுருங்கப் பார்க்கும், அதனால் குச்சியைத் தானாகவே கவ்விக்கொள்ளும். சொரசொரப்பு, எடை, இழுவை மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து வருவதால்தான் பனியன் நாடா முடிச்சே இல்லாமல் நிற்கிறது. முதல் நுனியை மூன்று விரற்கடை நீளத்துக்குக் குச்சியோடு படுக்க வைத்து அதன் மேலேயே சுற்றச் சொல்லுங்கள். கடைசி நுனியை முந்தைய சுற்றுக்கு அடியில் ஒரு ஐஸ்குச்சியால் தள்ளிவிடச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான். பசை வேண்டாம்.

உல்லன் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கம்பளியே கிடையாது, அக்ரிலிக். மலிவானது பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும். அது கரடுமுரடான வேப்பங்குச்சியில் ஓரளவு நிற்கும். கம்பியில் நிற்கவே நிற்காது. சுற்றுகள் எல்லாம் வழுக்கி ஓரிடத்தில் குவிந்துவிடும். கம்பியில் முதலில் பேப்பர் டேப் சுற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது உண்மைதான், நானும் செய்கிறேன். ஆனால் அந்த டேப்பைச் சுற்றுவது யார்? மறுபடியும் நாம்தான். மொசமொசவென்று பூ விட்ட மாதிரி இருக்கும் உல்லன் ரகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நன்றாகவே நிற்கின்றன. விலை கூடுதலான கலப்புக் கம்பளியை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, கையில் பட்ட கொஞ்சத்தில் அது அக்ரிலிக்கை விட மேலாகத்தான் தெரிந்தது. எங்கள் ஊர் வெயிலில் அதைத் தேடி வாங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, பிடிப்புதான் முக்கியம் என்றால் சணல் அல்லவா முதலில் வர வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடிப்பில் சணல்தான் மூன்றிலும் முதல், அதில் சந்தேகமில்லை. அளவுக்கு மீறிப் பிடிப்பதுதான் அதன் தொல்லை. ஒரு சுற்று கோணலாக விழுந்துவிட்டால் விரலால் நகர்த்திச் சரிசெய்ய முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். விறைப்பு வேறு. கவட்டைக் குச்சியின் இடுக்கில் வளைந்து உட்காராது. சின்னப் பிள்ளைகள் உள்ளங்கை சிவந்ததும் இழுப்பதைக் குறைத்துவிடுவார்கள், தளர்ந்த சணலால் எந்தப் பயனும் இல்லை. ஆலையில் நாரைப் பதப்படுத்த எண்ணெய் சேர்ப்பதால் சில கட்டுகளில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனையும் இருக்கும். தூசும் நாரும் உதிரும். வீசிங் உள்ள பிள்ளை இருந்தால் நான் பையைத் திறப்பதே இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் குதிரை, ஆடு, ஒட்டகம் என்று நாலு காலில் நிற்கும் உருவம் செய்யும்போது காலுக்குச் சணல் சுற்றினால் விறைப்பாக நிற்கிறது. அந்த இடத்தில் பனியன் நாடா தோற்றுவிடும். கால் தடித்துப் போய் ஆடு யானையாகிவிடும்.

நாலாவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: கைத்தறிக்குப் போகும் சிட்டா நூல். நெசவாளர் குடும்பத்தில் பழக்கம் இருந்தால் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். அழகு. ஆனால் ஒற்றை இழையில் ஒரு சாண் குச்சியை மூடுவதற்குள் எந்தப் பிள்ளைக்கும் பொறுமை போய்விடும். ஏழெட்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றலாம், சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. பனியன் நாடா சுற்றி முடித்த உருவத்தின் மேல் கண், பட்டை, கழுத்துமணி போட இதை எடுத்துக்கொள்வேன்.

பிள்ளை தனியாகச் செய்வதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அதற்கு ஜூடித் ஸ்காட் என்ற நூல் சிற்பக் கலைஞர் ஒரு காரணம். 1943-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம் இருந்தது, காது கேட்காது. காது கேட்காது என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வயதில் காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1980-களின் நடுவில் கூடப் பிறந்த ஜாய்ஸ் அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். ஓக்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1974-ல் தொடங்கிய கிரியேட்டிவ் குரோத் என்ற கலை மையத்தில் சேர்த்தார். அங்கே பெயின்ட், பென்சில் எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. பிறகு சில்வியா செவன்டி என்ற கலைஞர் நார், நூல் வேலைக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார். ஜூடித் அதில் சொல்லித்தந்ததைச் செய்யவில்லை. குச்சிகளைச் சேர்த்து வைத்துத் தன் போக்கில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். 2005-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள்; சில அவரைவிடப் பெரியவை. உள்ளே மின்விசிறி, சைக்கிள் சக்கரம், கடைத் தள்ளுவண்டி என்று எதை வேண்டுமானாலும் வைத்துச் சுற்றியிருக்கிறார். கிழித்த துணி, கயிறு, நூல் எல்லாம் கலந்து வரும். நூல் கிடைக்காதபோது பேப்பர் டவலை முறுக்கி முடிந்து முழுக்க வெள்ளையாகவே ஒன்று செய்திருக்கிறார்.

அவருடைய சிற்பங்களைப் படங்களில் பார்க்கும்போது எனக்குத் தெரிவது, எந்தச் சுற்றையும் இன்னொருவர் வந்து நேராக்கவில்லை என்பதுதான். பக்கத்தில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது நமக்கு வருவது கடினம். அதனால்தான் நம் உதவியே தேவைப்படாத பொருளைப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

ஒரு பொருளை உள்ளே வைத்து மறைப்பது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், வீடே பரபரப்பாகிவிடும். செத்துப்போன ரிமோட், தனியாகிப்போன செருப்பு, பூட்டு இல்லாத சாவி எல்லாம் பனியன் நாடாவுக்குள் போய்விடும். முடிந்த பிறகு உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு தனி. இதற்கும் நாடாதான் தோது: அகலமாக இருப்பதால் மூலைமுடுக்கு சீக்கிரம் மூடும். உல்லனில் ஒரு ரிமோட்டை மூட ஒரு பகல் ஆகும். (நல்ல ரிமோட்டை முன்கூட்டியே எடுத்து மேலே வைத்துவிடவும்.)

பிரிப்பதிலும் பனியன் நாடாவுக்கு ஒரு கை ஓங்கியிருக்கிறது. பசை இல்லாததால் நுனியை எடுத்துவிட்டால் மொத்தமும் கழன்று வந்துவிடும். உதறிச் சுருட்டி அடுத்த உருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். உல்லனை நிறுத்த ஃபெவிகால் போட்டிருப்போம், அது காய்ந்தபின் வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. க்ளூ கன் பக்கம் நான் போவதே இல்லை, சூடு பட்டால் கொப்பளித்துவிடும்.

உல்லன் வெல்லும் இடங்களையும் மறைக்கக் கூடாது. இரண்டு குச்சியைக் கூட்டல் குறியாகக் கட்டி, அந்தக் குறியின் ஒவ்வொரு கையிலும் ஒரு சுற்று போட்டு அடுத்த கைக்குப் போனால் நடுவில் ஒரு சாய்சதுரம் வளருமே, மெக்சிகோவின் வீச்சோல் மக்கள் வேண்டுதலாகச் செய்யும் கடவுளின் கண், அதற்கு மெல்லிய நூல்தான் வேண்டும். நிறங்கள் வரிவரியாகத் தெரிவதில்தான் அதன் அழகே. ஒவ்வொரு கையிலும் நூல் மடங்கிப் போவதால் வழுக்கும் பிரச்சினையும் அவ்வளவு வராது. பனியன் நாடாவில் செய்தால் தலையணை மாதிரி உப்பிவிடும்.

இன்னொன்று, வைத்துக் காப்பது. அக்ரிலிக் தண்ணீரை இழுக்காது, பூஞ்சணம் பிடிக்காது, பூச்சி தின்னாது. தூசி படிந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி எடுத்துவிடலாம். பருத்தி பனியன் ஐப்பசி மழையில் சுவரோரம் இருந்தால் மக்கல் வாசனை அடிக்கும், கஞ்சிப் பசை கிடைத்தால் வெள்ளிமீன் பூச்சியும் வரும். பள்ளியில் கண்ணாடி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் உல்லனே வாங்குங்கள். எங்கள் வீட்டில் எதுவும் அடுத்த விடுமுறைவரை தாங்கினால் போதும். ஒரு வகுப்பே உட்கார்ந்து சுற்றும் அளவுக்கு நான் செய்து பார்த்ததில்லை. அங்கே நாடா வெட்டும் வேலையே ஒருவரைத் தின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

உள்ளே வைக்கும் குச்சி பற்றிச் சுருக்கமாக. பட்டையோடு இருக்கும் வேம்பு, கொய்யாக் கவட்டைதான் முதல் தேர்வு. முருங்கை ஒடிந்துவிடும். தெர்மாகோல் இழுத்துச் சுற்றியதும் அமுங்கி, உருண்டை உருண்டையாக உதிரும். கொத்தனார் கட்டுக்கம்பி நன்றாக வளையும். ஆனால் இரண்டு முனையையும் வளையமாக மடக்கிவிட்டுத்தான் பிள்ளை கையில் தர வேண்டும், கண்ணுக்கு ஆபத்து. எந்த நூலாக இருந்தாலும் பிள்ளை இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்கு மேல் ஒரே துண்டாகத் தர வேண்டாம். சிக்கும் விழாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயமும் குறையும். விரலில் இறுகச் சுற்றி விளையாடினால் ரத்தம் ஓடாமல் நீலமாகிவிடும், மெல்லிய நூலில்தான் இது அதிகம். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மடியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டும்தான்.

பழைய டீ-ஷர்ட் என்றால் கைக்குக் கீழே தொடங்கி, அச்சு இல்லாத பகுதியில், இரண்டு விரல் அகலத்துக்குச் சுருள்போல உடம்பைச் சுற்றியே வெட்டிக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் தையல் இல்லாத பனியனாக இருந்தால் ஒரே நீள நாடா கிடைக்கும். சுற்றுவாக்கில் வெட்டியது நன்றாக இழுபடும். மேலிருந்து கீழாக வெட்டியது அவ்வளவு இழுபடாது, பிடிப்பும் குறையும். வெட்டியதை இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்தால் ஓரங்கள் தானாகச் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும், வெட்டிய விளிம்பு வெளியே தெரியாது. சின்னக் கைகளுக்கு ஒரு விரல் அகலம் போதும்.

கடையில் வாங்குபவர்களுக்கு: திருப்பூரில் வேஸ்ட் கடைக்காரர் முதலில் “எதுக்குங்க்கா, மெஷின் தொடைக்கவா?” என்றுதான் கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் எண்ணெய் துடைக்கும் துண்டுத்துணி மூட்டையைக் காட்டிவிடுவார். நீளமான கட்டிங் வேண்டும், பருத்தி வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். லைக்ரா கலந்தது வேண்டாம். இழுத்துவிட்டால் சட்டென்று துள்ளித் திரும்புவது லைக்ரா. அதைச் சுற்றினால் மெல்லிய கம்பியையே வளைத்துவிடும், கையை விட்டால் நுனி தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் மூட்டையைக் கொட்டி ஊசி முனை, ஸ்டேப்ளர் பின், ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கருநிறத்தைத் தனியாகவும் வெள்ளையைத் தனியாகவும் ஊறவைத்து அலசி வெயிலில் போடுங்கள். சிவப்புச் சாயம் மட்டும் முதல் தண்ணீரில் நிற்காது, இரண்டு அலசல் வேண்டும்.